வீட்டு எண் 212-இன் பச்சைத் தொட்டி

அன்று காலை வாட்டில் மேட்டில் இருந்தவர்கள்:

சுதாராணி. வயது நாற்பத்தெட்டு. பச்சைத் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

பெருமாயி. பக்கத்து வீடு. நின்றுகொண்டிருந்தாள். வாய் மட்டும் நிற்கவில்லை.

ஜெயமுருகன். குப்பை அள்ளும் கம்பெனியின் சூப்பர்வைசர். பழனிக்காரர், அதனால் இரண்டு ஸ்வெட்டர்.

மாடசாமி. குப்பை வண்டிக்காரர். போன மாதம்வரை நகராட்சி ஆள், இந்த மாதம் கம்பெனி ஆள். மாறியது சட்டை மட்டும்.

ஒரு காட்டு மாடு. பாதி நேரம்.

நான் இல்லை.

1

கடைசி வரியை மறக்காதீர்கள். நான் அங்கே இல்லை. இந்தக் கதையின் பாதி, பெருமாள்மலை டீக்கடையில் மாடசாமி சொன்னது. மீதிப் பாதி ஒரு கெட்ட வேலையிலிருந்து வந்தது.

மதுரையில் இரண்டு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஊர்க்காரர்கள் தங்கள் குப்பைத் தொட்டியைப் பற்றிப் புகார் சொல்ல போன் செய்வார்கள். அந்த ஊர் நிர்வாகம் குப்பை அள்ளுவதைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டது. "பத்து வருஷமாக என் வாசலில் நிற்கிற தொட்டி யாருடையது?" என்று கேட்பார்கள். பதில் என் திரையில் தயாராக இருக்கும்: தொட்டி உங்கள் பயன்பாட்டுக்கு, உங்களுக்குச் சொந்தமல்ல. அந்த வரியை ஒரே ஷிப்டில் நூறு தடவைக்கு மேல் சொன்ன நாளில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். எதிர்ப்பெல்லாம் இல்லை. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

மலைக்குத் திரும்பிய மூன்றாவது மாதம், மாடசாமி அதே வரியைத் தமிழில் சொன்னார். டீ ஆறிப்போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

நகராட்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வாட்டில் மேடு என்பதும் நான் வைத்த பெயர். ஜீப் பிடித்துத் தேடிப் போகாதீர்கள். வாட்டில் மரம் இல்லாத மேடு இந்த மலையில் எங்கே இருக்கிறது?

2

தொடக்கங்கள். அடித்தவற்றையும் அப்படியே விடுகிறேன்.

"பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்" (இல்லை. கொடைக்கானல் பக்கம் நடக்கிற கதை எல்லாமே பனியில்தான் ஆரம்பிக்கிறது. இங்கே குடியிருப்பவனுக்குப் பனி தெரியாது. துணி காயவில்லை என்பதுதான் தெரியும்.)

"சுதாராணி ஒரு போராளி" (இல்லை. அவள் காதில் விழுந்தால் சிரிப்பாள்.)

"தனியார்மயமாக்கல் என்கிற" (நானே படிக்க மாட்டேன்.)

"தொட்டியிலிருந்து எழுந்திருக்கும்படி அவளிடம் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்." இது பரவாயில்லை. ஆனால் ஏன் உட்கார்ந்தாள் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் சிரித்துவிட்டுப் போவீர்கள். அதனால் முதலில் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

3

வாட்டில் மேட்டில் பதினொரு வீடுகள். எல்லாரும் ஒரு காலத்தில் எஸ்டேட்டில் கூலிக்கு இருந்தவர்கள். எட்டுக் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழி, மூன்று குடும்பம் கன்னிவாடிப் பக்கம். எஸ்டேட் கைமாறியதும், அவர்கள் குடியிருந்த லயத்தை, அதாவது வரிசை வீடுகளை, இடித்தார்கள். இவர்கள் மேட்டில் ஏறித் தகரம் போட்டுக்கொண்டார்கள். பதினெட்டு வருடம் ஆகிறது.

அந்த மேடு காடு என்றார்கள் வருவாய்த் துறைக்காரர்கள். காடு இல்லை என்றார்கள் வனத்துறைக்காரர்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், அங்கே வீடு எதுவும் இல்லை என்பது. அதனால் வீட்டு வரி இல்லை. வரி இல்லாததால் கதவு எண் இல்லை. ஆதார் அட்டையில் இன்னும் பழைய எஸ்டேட் முகவரிதான் இருக்கிறது, இல்லாத லயத்தின் முகவரி.

இந்த வருடம் ஏப்ரலில் சீசன் கூட்டம் வண்டி நிறுத்த இடமில்லாமல் மலைப்பாதை முழுக்க நின்றது. மே மாதம் வாட்டில் மரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். குடியிருப்புகள் ஏதுமற்ற மேற்படி இடத்தில் வாகன நிறுத்தம் அமையவுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள், அரசு அலுவலகம் எதிலாவது பெற்ற குடியிருப்பு ஆதாரத்துடன் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம்.

சுதாராணி ஆறாவது நாளே மனு கொடுத்தாள். எனக்கு வீடு இருக்கிறது, வீட்டுக்கு எண் கொடுங்கள் என்று. மேற்படி இடத்தில் வீடுகள் இல்லாததால் எண் வழங்க இயலாது என்று பதில் வந்தது.

அவளுக்கு வேண்டியது ஒரு காகிதம். அதில் ஏதாவது ஓர் அலுவலகம் "வீடு" என்று எழுதி, பக்கத்தில் அவள் பெயரைப் போட்டு, முத்திரை குத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் பதினொரு அடுப்பின் மேலும் டூரிஸ்ட் வேன் நிற்கும். இந்தக் கதையில் வேறு எதுவும் முக்கியமில்லை. நான் நடுவில் எங்கேயாவது அலைந்தால் இங்கே திரும்பி வாருங்கள்.

இனி தொட்டி.

4

"எந்திரிங்கம்மா" என்றார் ஜெயமுருகன். "தொட்டி ரெண்டும் கம்பெனிக்குச் சொந்தம்."

"எந்தக் கம்பெனி?"

"எங்க கம்பெனிதான். போன ஒண்ணாந் தேதியிலருந்து நகராட்சி எல்லாத்தையும் ஒப்படைச்சிருச்சு. லாரி, தள்ளுவண்டி, வீட்டுக்கு வீடு குடுத்த தொட்டி."

"மாடசாமியண்ணனையுமா?"

மாடசாமி வாட்டில் மரத்தைப் பார்த்தார்.

"அவனையுந்தான்" என்றாள் பெருமாயி. "சட்டையிலயே பேர ஒட்டிட்டாங்க பாரு. ஏலே மாடசாமி, ஒன்னையும் மூடி போட்டு ஏத்திட்டுப் போயிருவாகளா?"

"சும்மா இருங்கக்கா. வேலையில இருக்கேன்."

சுதாராணி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "அப்ப கொந்தரப்பு எடுத்தவங்க நீங்கதானா?"

ஜெயமுருகனுக்குப் புரியவில்லை. "காண்ட்ராக்டத்தான் அப்படிச் சொல்லுது" என்றார் மாடசாமி. "சிலோன் பேச்சு."

"ஆமாம்மா, நாங்கதான். பழைய தொட்டிய எடுத்துட்டுப் புதுசு குடுக்கணும். அதுல ஸ்கேன் பண்ற ஸ்டிக்கர் இருக்கும்."

"அப்பப் புதுசக் குடுங்க, எந்திரிக்கேன்."

"லிஸ்ட்ல பேர் இருந்தா இப்பவே." அவர் போனைத் தடவினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "வாட்டில் மேடு… வாட்டில் மேடு… இல்லையேம்மா. இங்க வீடே இல்லைன்னு காட்டுது."

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

போன் பதில் சொல்லுமோ என்பதுபோல ஜெயமுருகன் இன்னொரு தடவை அதைப் பார்த்தார்.

"வீடே இல்லைன்னா வீட்டுக்கு வீடு குடுத்த தொட்டி இங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள் சுதாராணி. சண்டைக்குக் கேட்ட கேள்விதான். ஆனால் கேட்டு முடித்ததும் அது அவளுக்கே கேள்வியாகிவிட்டது. பிறகு எழுந்து, தொட்டியைச் சுற்றி வந்து, அதன் வயிற்றைப் பார்த்தாள். ஐந்து வருடமாகப் பார்க்கிற எழுத்து. வெள்ளைப் பெயின்ட். வார்டு 14, வீ.எண் 212.

அவள் எழுந்ததுதான் சமயம் என்று ஜெயமுருகன் மூடியைத் திறந்தார்.

"என்னம்மா இது, அரிசி!"

"ரேஷன் அரிசி."

"குப்பத் தொட்டிம்மா இது!"

"ஒரு நாளும் இதுல குப்ப விழுந்ததில்ல. இம்புட்டு நல்ல சாமானுல யாராச்சும் குப்பையப் போடுவாகளா? கொரங்குக்குத் தொறக்கத் தெரியாத மூடி இந்த ஊர்லயே இது ஒண்ணுதான்."

"அப்ப நீலத் தொட்டியில?"

"தண்ணி. குடிக்கிறீங்களா?"

"வீட்டுக்கு வீடு அப்படித்தான் சார்" என்றார் மாடசாமி மெல்ல. "எங்க வீட்டுலயும் பருப்புதான் கெடக்கு."

இந்த நேரத்தில்தான் மேட்டின் உச்சியிலிருந்து காட்டு மாடு இறங்கியது.* ஆள் உயரத் திமில். யாரையும் பார்க்கவில்லை, அரிசி வாசத்துக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக வந்தது. பெருமாயி அசையாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள், பழக்கம். ஜெயமுருகன் லாரிக்குள் இருந்தார். எப்படிப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. சுதாராணி மூடியை அழுத்தி மூடினாள். டக்கென்று ஒரு சத்தம். மாடு இரண்டு நிமிடம் நின்று யோசித்துவிட்டுப் போய்விட்டது.

லாரிக் கண்ணாடியைப் பாதி இறக்கி ஜெயமுருகன் சொன்னார்: "அடுத்த திங்கக்கெழம வருவேன். தொட்டி உங்களோடதுன்னா நகராட்சியில எழுத்துல வாங்கிட்டு வாங்க. எழுத்துல!"

அந்த மனிதருக்கு நான் வில்லன் வேடம் கொடுத்திருந்தேன். இந்த ஒரு வாக்கியத்துக்காக எடுத்துவிட்டேன். பதினெட்டு வருடத்தில் வாட்டில் மேட்டுக்கு யாரும் இதைவிட நல்ல யோசனை சொன்னதில்லை.

(* காட்டு மாட்டை நான் கொண்டுவரவில்லை. கற்பனையாக இருந்தால் இவ்வளவு சரியான நேரத்துக்கு வரவைக்க எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.)

5

வீ.எண் எப்படி வந்தது என்பதை மாடசாமி எனக்கு மட்டும் சொன்னார். இப்போது உங்களுக்கும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் தூய்மைக் கணக்கெடுப்புக்காக நகராட்சி தொட்டிகளை வேகவேகமாகக் கொடுத்துத் தீர்த்தது. எங்கே கொடுத்தோம் என்பதைவிட எத்தனை கொடுத்தோம் என்பது முக்கியம். பெயின்ட் அடிக்கும் சோலி மாடசாமிக்கு. தன் முழங்கால் எக்ஸ்ரே படத்தை வெட்டி அச்சு செய்துகொண்டார். வீடுகளுக்கு "வீ.எண்" என்றும், வாட்டில் மேடு மாதிரி வீடில்லாத இடங்களுக்குத் "தொ.எண்" என்றும் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். தொட்டி எண்.

"ஒரே ஒரு எக்ஸ்ரேதான தம்பி இருந்துச்சு" என்றார் மாடசாமி. "இன்னொரு முழங்காலு நல்லாத்தான் இருக்கு."

எல்லாத் தொட்டிக்கும் வீ.எண் அடித்தார். அலுவலகத்தில் பதிவேடு எழுதியவர்கள் பெயின்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

6

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முதல் பிரதியில், மாடசாமி வழியாகச் சேதி கேட்டு நான் வாட்டில் மேட்டுக்குப் போகிறேன். திண்ணையில்லாத வாசலில் உட்கார்ந்து சுதாராணிக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். கடல் தாண்டிய ஊரின் தொட்டிச் சட்டமெல்லாம் எனக்குத் தெரியுமே. ஒன்றரைப் பக்கம். அவள் கண் கலங்கி

அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். டீக்கடையில் படித்துக் காட்டியபோது மாடசாமி கேட்ட முதல் கேள்வி, "இந்தாளு யாரு?" இரண்டாவது, "அந்தப் புள்ள தானே எழுதுச்சே, மூணு வரி. அதுக்கு எதுக்கு நீ?"

அதனால் நான் கிளம்புகிறேன். அவள் எழுதட்டும்.

அன்று மத்தியானம் சுதாராணி தகரப் பெட்டியைத் திறந்தாள். வீட்டுக்காரர் மகேந்திரன் பண்ணைக்காட்டுக்கு ஜீப் ஓட்டப் போயிருந்தார். பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் அவள் அப்பாவின் காகிதம் இருந்தது. இலங்கை அரசாங்கம் கொடுத்தது. பிரஜாவுரிமை கேட்ட அப்பாவுக்கு, முடியாது என்று சொல்லும் கடிதம். அந்த வீட்டில் பத்திரமாக இருந்த ஒரே காகிதம் அதுதான். ஏனென்றால் பிறகு இந்தியாவுக்கு எழுதிப்போட்டபோது, நீ யார், எங்கே இருந்தாய் என்பதற்கு அப்பாவிடம் காட்ட வேறு எதுவும் இல்லை. தோட்டத்தின் பெயர், மூன்றாம் லயம், ஏழாம் காம்பரா என்கிற அறை எண், குடும்பத்தலைவன் பெயர், எல்லாம் அந்த மறுப்புக் கடிதத்தில் சுத்தமாக டைப் அடித்திருந்தது. அதைக் காட்டித்தான் இந்தக் கரைக்கு வந்தார்கள்.

சிறுவயதிலிருந்து பார்த்த காகிதம். அன்றைக்குத்தான் அதைப் படித்தாள். உன்னை வேண்டாம் என்று எழுதுகிறவன்கூட, நீ எந்தக் காம்பராவில் இருக்கிறாய் என்று முதலில் எழுதித்தான் ஆக வேண்டும்.

போன மனுவில் அவள் வீட்டைக் கேட்டிருந்தாள். அது தப்பு. வீட்டைக் கேட்டால் வீடு இல்லை என்று சொல்லிவிடலாம், ஒரே வரியில் சோலி முடிந்தது. அவர்கள் இல்லை என்று சொல்ல முடியாத எதையாவது கேட்க வேண்டும். அவர்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டாத எதையாவது.

சமையலறை மூலையில் பச்சைத் தொட்டி இருந்தது.

7

சுகாதார ஆய்வாளர் சுவாமிநாதன் மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கெல்லாமாம்மா மனு?"

"ஆமா சார்."

"'எனக்குக் கொடுத்த இரண்டு தொட்டியும் எனக்குச் சொந்தம். கம்பெனி கேட்கிறது. யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.' இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"உங்களுக்குச் சொந்தம் இல்லம்மா. நகராட்சி சொத்து. அத யூஸ் பண்ணிக்கிற உரிமதான் கம்பெனிக்கு. சொல்லிட்டேன், போயிட்டு வாங்க."

"எழுதிக் குடுங்க சார்."

"அதான் வாயால சொல்றேன்ல?"

"வாய் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிரும் சார்."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். சுவாமிநாதன் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்துவந்தார். தொட்டிப் பதிவேடு. நீளமான நோட்டு, பழுப்பு அட்டை, ஐந்து வருடமாக அவரே பராமரித்தது. அந்த அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் கிடைக்காது, ஆனால் தொட்டிப் பதிவேடு கிடைக்கும். விரலை வைத்துத் தேடினார்.

"பதினாலு… இருநூத்திப் பன்னெண்டு… சுதாராணி, கணவர் பெயர் மகேந்திரன், வாட்டில் மேடு. பச்சை ஒண்ணு, நீலம் ஒண்ணு. பாத்தீங்களா? எழுத்துல இருக்கு. நகராட்சி சொத்து ஒண்ணுகூட விட்டுப்போகல."

அவர் குரலில் பெருமை இருந்தது. சுதாராணி தலை குனிந்துகொண்டாள். பார்க்கிறவர்களுக்குத் தோற்றுப்போனவள் மாதிரி இருந்திருக்கும். முகத்தை அவள் ஏன் மறைத்தாள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"அப்ப எனக்கு இல்லைன்னு அதையே எழுதிக் குடுங்க சார். வெரசா குடுத்தீங்கன்னா அந்தக் கம்பெனிக்காரர்ட்ட தொட்டியக் குடுத்துருவேன்."

நல்ல மறுப்புக் கடிதம் எழுதுவது எல்லாருக்கும் வராது. சுவாமிநாதனுக்கு வரும். நான்காம் நாள் தபாலில் வந்தது.

*பொருள்: திடக்கழிவு மேலாண்மை, வார்டு 14, கதவு எண் 14/212, வாட்டில் மேடு, வீட்டு உபயோகத் தொட்டிகளுக்கு உரிமை கோரியது, தொடர்பாக.*

*மேற்படி கதவு எண்ணில் குடியிருந்துவரும் திருமதி ம. சுதாராணி என்பவரின் வீட்டு உபயோகத்திற்கென ஐந்தாண்டுகளுக்கு முன் வழங்கப்பட்ட தொட்டிகள் இரண்டும், இந்நகராட்சிப் பதிவேட்டின்படி நகராட்சியின் சொத்தாகும். எனவே தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.*

கீழே ஆணையரின் கையெழுத்து. ஊதா முத்திரை, வட்டம் முழுசாக விழுந்திருந்தது.

"வீ.எண்" அலுவலகத் தமிழில் "கதவு எண்" ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? அதை யாரும் திட்டமிடவில்லை. கை பழகிய பழக்கம்.

8

திங்கட்கிழமை வெள்ளனே லாரி வந்தது. ஜெயமுருகன், கம்பெனிக்கு வந்த அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினார். மாடு வருகிற பாதையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நகராட்சி என்ன சொல்லியிருக்குன்னு பாத்தீங்களாம்மா?"

"கண்ணாடி இல்ல சார். சத்தமா வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

பதினொரு வீட்டாரும் வந்து நின்றிருந்தார்கள். ஜெயமுருகன் உற்சாகமாக வாசித்தார்.

"அந்த நடு வரிய இன்னொரு தடவ."

"'மேற்படி கதவு எண்ணில் குடியிருந்துவரும் திருமதி…'"

"இன்னும் ஒரு தடவ சார்."

மூன்றாவது தடவை வாசிக்கும்போது அவர் குரல் இறங்கியது. எங்கேயோ ஏதோ சரியில்லை என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை.

"கதவு எண்ணா?" என்றாள் பெருமாயி. "கதவு எங்கடி இருக்கு ஒனக்கு? தகரத்தச் சாத்திக் கல்ல வைக்கிறவ!"

கூட்டம் சிரித்தது. சுதாராணியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு உள்ளே போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு தொட்டிகளையும் அவளே தூக்கி வந்தாள். பெருமாயி பச்சைத் தொட்டியின் நெற்றியில், அதாவது மூடியில், மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க சார். ஆனா வாங்கிட்டேன்னு எழுதிக் குடுங்க. எந்த வீட்டுலருந்துன்னு போட்டு."

ஜெயமுருகன் கம்பெனி ரசீதில் எழுதினார்: கதவு எண் 14/212-இலிருந்து தொட்டிகள் இரண்டு பெற்றுக்கொள்ளப்பட்டன. முத்திரை குத்தினார். லாரியில் ஏறும்போது மாடசாமியிடம் மெல்லக் கேட்டாராம்: "தொட்டியக் குடுத்துட்டு எதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க?"

"ஒரு மனுவுல வீட்டக் கேட்டேன், வீடே இல்லன்னுட்டாங்க" என்று சுதாராணி கூட்டத்திடம் சொன்னாள். "இன்னொரு மனுவுல தொட்டியக் கேட்டேன். தொட்டிய விட மனசில்லாம வீட்டக் குடுத்துட்டாங்க."

9

அடுத்த நாள் காலை, சுவாமிநாதனின் மேசை முன்னால் பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள்.

"என்னம்மா?"

"எங்களுக்கும் தொட்டி சொந்தம் இல்லைன்னு எழுதிக் குடுங்க சார்" என்றாள் முன்னால் நின்ற பெருமாயி.

"சொந்தம்னு கேக்கத்தான மனு குடுக்கணும்?"

"சொந்தம்னு கேக்கோம் சார். நீங்க இல்லைன்னு சொல்லுங்க. நல்லாச் சொல்லுங்க, அந்தப் புள்ளைக்குச் சொன்ன மாதிரியே."

மாதிரி தயாராக இருந்ததால் பேரையும் எண்ணையும் மாற்றினால் போதும். ஆறாவது கடிதத்தில் சுவாமிநாதனின் பேனா நின்றது. பதிவேட்டைப் பார்த்தார். ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மொத்தம் எத்தன வீடு அங்க?"

"பதினொண்ணு சார்."

அவர் ஏழாவதை எழுத ஆரம்பித்தார்.

மற்றப் பத்து வீட்டுத் தொட்டிகளையும் ஜெயமுருகன் ரசீது எழுதிக் கொடுத்து ஏற்றிக்கொண்டார். பதினொரு மறுப்புக் கடிதங்களோடும் பதினொரு ரசீதுகளோடும் ஆட்சேபணை போனது, நோட்டீஸ் ஒட்டிய இருபத்தொன்பதாம் நாள். அதற்கடுத்த மாதம் சங்கிலி வைத்து அளக்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கொடுத்த அறிக்கையின் முதல் வரியை மாடசாமி மனப்பாடமாகச் சொல்வார்: மேற்படி இடத்தில் பதினொரு குடியிருப்புகள் உள்ளன. வாகன நிறுத்தத்துக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வாட்டில் மேட்டில் கேசரி கிண்டினார்கள். தொட்டிதான் போய்விட்டதே, அரிசி மூட்டையை அன்று மத்தியானம் குரங்கு பிரித்தது. ஒருவரும் விரட்டவில்லை.

(சுவாமிநாதன் தெரிந்தே எழுதினாரா? அவரிடம் கேட்கப் போனேன். "நகராட்சி சொத்தப் பாதுகாக்கிறது என் கடமை" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.)

10

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

முதலாவதில் பட்டா வருகிறது. இரண்டாவதில் பத்து வருடம் கழித்து வேறொரு ஆணையர், வேறொரு நோட்டீஸ். மூன்றாவதில் கம்பெனி கையை விரித்து ஓடிவிட, தொட்டிகள் திரும்பி வருகின்றன, குங்குமத்தோடு. எது சரி என்று தெரியாததால், போன வாரம் தாள்களை எடுத்துக்கொண்டு நானே வாட்டில் மேட்டுக்குப் போனேன். முதல் தடவை.

212-க்கு இப்போது கதவு இருந்தது. இடித்த பங்களாவின் தேக்குக் கதவு, பண்ணைக்காட்டுப் பழைய மரக்கடையிலிருந்து மகேந்திரன் ஜீப்பில் கட்டிக்கொண்டு வந்தது. வீட்டைவிடக் கதவு பெரியதாகத் தெரிந்தது. அதில் வெள்ளைப் பெயின்ட்டில் 14/212. மாடசாமியின் எக்ஸ்ரேதான். இந்தத் தடவை வீ.எண் என்ற எழுத்துகளை மறைத்துவிட்டு அடித்திருந்தார்.

சுதாராணி உள்ளே உட்காரச் சொன்னாள். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக் கதையையும் படித்தாள். மனு எழுதும் இடத்தில் சிரித்தாள். மூன்று முடிவுகளையும் படித்தாள்.

"மூணும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம்" என்றாள். "அத எதுக்கு நீங்க சொல்றீங்க?"

"முடிவு வேணுமேக்கா. வாசிக்கிறவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும். அவங்களுக்கு எது புடிக்குதோ வச்சுக்கட்டும். எங்களுக்குப் பதினொண்ணுன்னு எழுதிட்டாங்க, அது போதும். என்னயப் போராளின்னு போடாம விட்டீங்களே, அதுவரைக்கும் நல்லது."

"அப்ப கதை நல்லாருக்கா?"

அவள் பேனாவைக் கேட்டாள். கடைசித் தாளின் அடியில் நிதானமாக எழுதினாள். எழுதி, என்னை ஒரு பார்வை பார்த்து, தேதியும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

"மழ வரப்போவுது. வெரசா கெளம்புங்க."

படியிறங்கியபிறகுதான் படித்தேன். *பெருமாள்மலையில் குடியிருக்கும் இரவு வேலையை விட்ட தம்பி எழுதிய கதை, கதவு எண் 14/212-இல் படிக்கப்பட்டது. நிராகரிக்கப்படுகிறது.*

என்னைப் பற்றி இதுவரை எழுத்தில் யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன், நனையாமல். நன்றி சொல்லத் திரும்பியபோது அந்தப் பெரிய கதவு மூடிக்கொண்டிருந்தது. பழைய பங்களாப் பூட்டுக்குள் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.